ஆக்‌ஷனுக்கும் கட்டுக்கும் நடுவே என் அண்ணன்

என் அண்ணன் பரணி இறந்துபோன பத்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, எங்கள் வீட்டு ஹாலிலேயே டிவி சீரியலில் நடிக்க வந்தான். வந்தவன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் வெளியே போய்விட்டு வந்தால் நேராக ஃப்ரிட்ஜைத்தான் திறப்பான், மனுஷர்களைப் பார்க்கமாட்டான் என்பதால் அம்மாவுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்று பிடித்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுதாக விடவில்லை, ஆகவே இதைச் சொல்லும்போது என் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

ஆலப்பாக்கத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஷூட்டிங்குக்கு விடப்பட்டவை. ஒரு வீட்டில் தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள், அடுத்த வீட்டில் பாலில் விஷம் கலந்துகொண்டிருப்பார்கள், மூன்றாவது வீட்டில் யாரையாவது போலீஸ் இழுத்துக்கொண்டு போகும், நடுவில் நாங்கள் காய்கறிப் பையோடு ஒயர்களைத் தாண்டித் தாண்டி நடப்போம். எங்கள் வீட்டை மட்டும் விட்டதில்லை, பரணிக்கு அது பிடிக்காது. அவன் போனபிறகு வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது. அப்பா காலையில் எழுந்ததும் காலி மிக்சியை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். அப்புறம் ஒருநாள், யாராவது வந்து சத்தம் போட்டுக்கொண்டிருக்கட்டும் என்று முன்ஹாலையும் மாடியையும் ஒரு சீரியல் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு எங்களைப் பின்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நகர்த்தினார். என்ன கதை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: மூத்த மகன் செத்துப்போய், அம்மாவின் அழுகை தாங்காமல் ஆவியாகத் திரும்பி வருகிற கதை, வாரத்தில் ஆறு நாள், மாலை ஏழரைக்கு.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பரணிக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஆபரேஷன் செய்கிற டாக்டர் மூன்று மணிக்குத்தான் வந்தார், அதுவரை சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அப்பாவும் அம்மாவும் ரத்தத்துக்கும் கையெழுத்துக்கும் அலைந்துகொண்டிருக்க, கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். பதினோரு தடவை தண்ணீர் கேட்டான், நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசித் தடவை, “நாக்கை நனைச்சிக்கிறேன் ரோகிணி, முழுங்கமாட்டேன்” என்றான். மற்றவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் நான், கொடுக்கவில்லை. பாட்டில் அவன் கண்ணில் பட வேண்டாம் என்று வராந்தாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன், அங்கே எனக்கும் தாகமாக இருந்தது, குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போது கையில் காகிதங்களோடு அம்மா வந்து நின்றாள். பாட்டிலைச் சட்டென்று மூடிவிட்டேன். ஐந்து மணிக்கு அவன் இல்லை. கொடுக்காததுதான் சரி, கொடுத்திருந்தால் இன்னும் முன்னாடியே போயிருப்பான் என்று டாக்டர் உட்பட எல்லோரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். சரியாகவே இருக்கட்டும். நான் அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும். அம்மா வராந்தாவைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டிருந்தால்கூட இவ்வளவு அரித்திருக்காது.

அவன் எப்படி வந்தான் என்பது பெரிய விஷயமில்லை. சீரியல்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பிணமாக நடித்தவரை ஷாட் முடிந்ததும் எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு எடுத்துவிடுவார்கள். படத்துக்கு மாலை போட்டுக் காட்டினாலும் அப்படியே, மாலையைக் கழற்றி, கேமராவை ஓடவிட்டு, நல்லா இருக்கார், நூறு வருஷம் இருப்பார் என்று மொத்த யூனிட்டும் கை தட்டும். இல்லையென்றால் நடித்தவருக்கு ஆகாது என்று பயம். மகனாக நடிக்க வேண்டியவன் தன் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டதால் அன்று வரவில்லை, செட் அசிஸ்டென்ட் எங்கள் பின்னறையிலிருந்து பரணியின் படத்தை, தூரத்து ஷாட்தானே என்று, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டார். ஷாட் முடிந்தது. டைரக்டர் தயாளன் பழக்க தோஷத்தில் மாலையைக் கழற்றச் சொன்னார், இருபத்திரண்டு பேர் கை தட்டி அவனை நூறு வருஷம் இருக்கச் சொன்னார்கள். நிஜமாகவே செத்தவனுக்கு அதை யாரும் அதுவரை செய்ததில்லை. அடுத்த ஷாட்டுக்கு ஆக்‌ஷன் என்றதும் படத்தில் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டையில் பரணி மாடியிலிருந்து இறங்கி வந்து, சோபாவில் உட்கார்ந்து, அம்மாவாக நடிக்கிற பத்மஜா மேடத்தின் கையைப் பிடித்து, “அம்மா, நான் எங்கேயும் போகலைம்மா” என்று பேப்பரில் எழுதியிருந்த வசனத்தைப் பிசகாமல் சொன்னான். கட் என்றதும் சோபாவில் பள்ளம் மட்டும் இருந்தது. லைட் சரியாகத்தான் இருந்ததா என்று தயாளன் கேட்டார், சரியாக இருந்தது என்றார் கேமராமேன், சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆக்‌ஷன் என்றால் வருவான், கட் என்றால் போய்விடுவான், எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசுவான், கேமரா பார்க்கிற இடத்துக்குள் நிற்கிறவர்களை மட்டும் பார்ப்பான், ஒரு அடி தள்ளி நிற்கிற நாங்கள் அவனுக்குச் சுவர் மாதிரி. இதை யூனிட் இரண்டு நாளில் கற்றுக்கொண்டது. மேக்கப்மேன் பவுடர் ஒட்டவில்லை என்று குறைப்பட்டார், பிறகு இப்படி ஒரு நடிகர் எல்லா சீரியலிலும் இருந்தால் தன் வயிற்றுப்பாடு என்ன ஆவது என்று குறைப்பட்டார். ஏதோ ஒரு சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, கார்டு இல்லாமல் யாரும் நடிக்கக்கூடாது, உயிரோடு இல்லை என்பதெல்லாம் விதியில் இல்லை என்றார்கள், அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படிவம் நிரப்பினார், நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி இரண்டுக்கும் எங்கள் வீட்டையே எழுதினார். அவன் பேசுவது ஹாலில் எல்லோருக்கும் கேட்கும், மைக்கில் மட்டும் பதியாது, ஆகவே ஏழரை மணிக்கு டிவியில் என் அண்ணன் வேறு யாருடைய குரலிலோ பேசினான். அது ஒரு கட்டைக் குரல். அம்மா முதல் வாரம் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தாள், இரண்டாவது வாரம் பழகிவிட்டது.

தெரு அவனை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சாவுக்கு வந்தபோது வாசலோடு போனவர்களெல்லாம் இப்போது கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். பரணி கொஞ்சம் இளைத்துவிட்டானோ என்று எதிர்வீட்டு மாலினி அக்கா விசாரித்தார். பெண் ஜாதகம் ஒன்றுகூட வந்தது. வருஷ திதி வந்தபோது அப்பா போய் வாத்தியாரைக் கேட்டார், அவர் வீட்டிலும் அந்த சீரியல்தான் ஓடுகிறது போலிருக்கிறது, ஏழரைக்கு வருகிற ஆளுக்கு எள்ளும் தண்ணியும் இறைப்பது உசிதமாகப் படவில்லை, சீரியல் முடியட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டார். செத்தவர்களுக்கென்று எல்லோரும் இறைக்கிற அந்தக் கை நீர்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, அதை யாரும் கவனிக்கவுமில்லை.

அம்மா ஷூட்டிங்கையும் பார்ப்பாள், ஏழரைக்கும் பார்ப்பாள், மறுநாள் மதியம் மறுஒளிபரப்பையும் பார்ப்பாள். அவன் இன்னொருத்தியை அம்மா அம்மா என்கிறானே, உனக்கு வயிறு எரியவில்லையா என்று கேட்டேன். எரிந்து என்ன செய்ய, அந்தம்மாவாவது அவனை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். சொன்னதோடு நிற்காமல் பத்மஜா மேடத்துக்குப் பின்னறையில் காபி போட்டுக் கொடுத்து, பரணிக்குத் தலையை இப்படிக் கோதினால் பிடிக்காது, காதுக்குப் பின்னால் கோத வேண்டும், நெற்றியில் கை வைத்தால் தட்டிவிடுவான் என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தம்மாவும் நல்ல மாதிரி, கேட்டுக்கொண்டு போய் அப்படியே செய்தார். என்னிடம் பேசாததையெல்லாம் அம்மா அவரிடம் பேசினாள். என்னவெல்லாம் பேசினாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் பார்த்தது டம்ளரை. அந்த சீரியலில் ஆவி வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி, முதலில் ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள். தினமும் பத்மஜா மேடம் அவனுக்கு ஒரு டம்ளரை நீட்டுவார், அவன் வாங்கி அண்ணாந்து குடிப்பான், தொண்டை ஏறி இறங்கும், திருப்பிக் கொடுப்பான். டம்ளர் காலி. எல்லா சீரியலிலும் டம்ளர் காலிதான், அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் உங்கள் அண்ணன்கள் யாரும் தாகத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டு அந்தக் காலி டம்ளரைத் தினமும் உங்கள் கண்ணெதிரே அண்ணாந்து குடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்ததும் டம்ளருக்குள் ஒரு கணம் பார்ப்பான். அந்தப் பார்வையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

தயாளனிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்டவரில்லை, ஒரு நாளைக்குப் பதினேழு சீன் எடுக்க வேண்டிய மனுஷர், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு ஷாட்டிலும் அளவு மாறும், சிந்தும், துடைக்க வேண்டும், நேரமில்லை என்றார். நானே பக்கத்தில் நின்று அளவு பார்த்து ஊற்றுகிறேன் என்றேன்.

“அதில்லம்மா. ஆவி எப்படிம்மா தண்ணி குடிக்கும்? லாஜிக் இடிக்குதுல்ல.”

“காலி டம்ளர்ல காபி குடிக்கலாம், அது இடிக்கலையா சார்?”

“அது ஆடியன்ஸுக்குப் பழகிடுச்சும்மா” என்றார்.

அதன்பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, நான் வேலை பார்க்கிற கண்ணாடிக்கடைக்கு லீவு போட்டுவிட்டு, டம்ளர்கள் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஆக்‌ஷனுக்கு ஒரு நிமிடம் முன்னால் ஒன்றில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். பத்மஜா மேடத்துக்கு முப்பது வருஷமாகக் காலி டம்ளரைத் தூக்கியே பழக்கம். விசுக்கென்று எடுத்தார், வீசி நீட்டினார், மொத்தத் தண்ணீரும் அவருடைய பட்டுப்புடவையிலும் சோபாவிலும் கேமராமேன் மடியிலும் போய் விழுந்தது. கட் என்றார்கள். பரணி நீட்டிய கையோடு காணாமல் போனான். அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. என் சொந்த வீட்டு ஹாலுக்குள் ஷூட்டிங் நேரத்தில் நான் வரக்கூடாது என்று மேனேஜர் வந்து சொல்ல, சரிங்க, வரமாட்டா என்று என் அப்பாவே வாக்குக் கொடுத்தார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். பச்சைத் திரை, ஸ்டாண்டில் தொங்குகிற பாட்டில், எல்லாம் வந்தது. மகன் எப்படிச் செத்தான் என்கிற பழைய கதையைக் காட்டப்போகிறார்களாம். சமையலறை வாசலில் நின்று அசிஸ்டென்ட் கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்தேன். படுக்கையில் கிடக்கிற மகன் தண்ணீர் கேட்கிறான், பொறாமை பிடித்த தங்கை கொடுக்காமல் அவன் எதிரிலேயே குடிக்கிறாள், அவன், நீயெல்லாம் ஒரு தங்கச்சியா, உன்னை இந்தத் தாகம் சும்மா விடாது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். அம்மா பத்மஜா மேடத்திடம் சொல்லியிருக்கிறாள், அவர் மனசு பொறுக்காமல் தயாளனிடம் சொல்லியிருக்கிறார், அவர் கதை எழுதுகிறவரிடம் போனில் சொல்லியிருக்கிறார், அந்த மனுஷன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, பிரமாதம் என்று எழுதி அனுப்பிவிட்டார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுதேனே தவிர ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

தங்கையாக நடித்த பெண் புதுசு. ஊதாப் புடவையும் பெரிய பொட்டுமாகக் காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கமாட்டேன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும், அது அவளுக்கு வரவில்லை. ஆக்‌ஷன் என்றார்கள், பரணி கட்டிலில் கிடந்தான், “ஒரு வாய் தண்ணி குடு தங்கச்சி” என்றான், அவள் திணறினாள், கட் என்றார்கள், கட்டில் காலியானது. மறுபடி ஆக்‌ஷன், மறுபடி கேட்டான், மறுபடி கட். உதடு வெடித்து, கண் உள்ளே போய், அன்று நான் பார்த்த அதே முகத்தோடு வந்து வந்து கேட்டான், கேட்டுக் கேட்டுப் போனான், நானும் பழையபடி எண்ண ஆரம்பித்துவிட்டேன், ஐந்து, ஆறு, ஏழு, லைட்டை மாற்றிக்கொண்டு எட்டு, அந்தப் பெண்ணுக்குப் பொட்டைச் சரிசெய்துவிட்டு ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது தடவை அவன் கேட்டபோது நான் சொம்போடு உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

கேமரா பார்க்கிற இடத்துக்குள் நான் கால் வைத்ததும் அவன் கண் என் பக்கம் திரும்பியது. அவன் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, சொம்பை வாயில் வைத்தேன். குடித்தான். சத்தம் வரக் குடித்தான், மோவாயில் வழிந்து சட்டை நனையக் குடித்தான், சொம்பு முழுதும் தீர்ந்தபிறகும் விளிம்பை விடாமல் உறிஞ்சினான். பிறகு, “இன்னும்” என்றான். அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று அசிஸ்டென்ட் பேப்பரைப் புரட்டிப் புரட்டித் தேடினார். தயாளன் கட் சொல்ல வாயைத் திறந்தார், பத்மஜா மேடம் போய் அவர் வாயைப் பொத்தினார். நான் நகர்ந்தால் எல்லாம் போய்விடும் என்று எனக்குத் தெரியும், ஆகவே அவன் தலையை விடாமல், “அம்மா, தண்ணி கொண்டா” என்றேன்.

முதலில் அப்பாதான் வந்தார், சமையலறைத் தவலையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு. அது தீர்ந்தது. யூனிட்டின் தண்ணீர் கேனைக் கேமராமேனுடைய உதவியாளர்கள் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள், அது தீர்ந்தது. மேக்கப்மேன் தன் பாட்டிலைக் கொடுத்தார், ஊதாப் புடவைக்காரப் பெண் அழுதுகொண்டே எங்கேயோ போய் ஒரு ஜக்கில் கொண்டுவந்தாள், வாசலில் வேடிக்கை பார்த்த தெரு வீட்டுக்கு ஓடி, குடத்திலும் வாளியிலும் சருவச் சட்டியிலுமாகத் தூக்கிக்கொண்டு ஒயர்களைத் தாண்டித் தாண்டி வந்தது, மாலினி அக்கா ஜீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்ததைக் கொண்டுவந்தார், பக்கத்து வீட்டில் கல்யாண சீன் நடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை மாலையோடு வந்து இரண்டு பாட்டில் வைத்துவிட்டுப் போனார். எல்லாம் தீர்ந்தது. எல்லோரும் இப்போது கேமராவுக்குள்தான் நின்றார்கள், அவன் நினைத்தால் எல்லோரையும் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தான். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அந்தத் தாகம் அப்படிப்பட்டது என்று அருகில் இருந்த எனக்குத் தெரியும். அம்மா கடைசியாக, லைட்டுக்குக் கீழே மறந்து கிடந்த ஒரு பாட்டிலின் மிச்சத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அவன் வாய்க்குக் கிட்டே அதைக் கொண்டுபோகும்போது கேமராவின் மெமரி கார்டு நிறைந்து, யாரும் எதுவும் சொல்லாமலே அது நின்றுவிட்டது. என் கையில் அவன் தலையின் கனம் இல்லை. தலையணை மட்டும் தெப்பமாக நனைந்திருந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்பார்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். புதுக் கார்டு போட்டு ஆக்‌ஷன் சொன்னார்கள், வரவில்லை. மறுநாளும் சொன்னார்கள். படத்துக்கு மாலை போட்டுக் கழற்றிக் கை தட்டிப் பார்த்தார்கள். மாலைக்குப் பயந்து வராமல் போன அந்த நடிகனையே கூட்டிவந்து, அவனும் தண்ணீர் கேட்டு, ஊதாப் புடவைக்காரப் பெண்ணும் கொடுக்காமல், அந்தக் காட்சி டிவியில் வந்தது. நாங்கள் எடுத்ததில் வசனமே இல்லை, வெறுமனே குடிக்கிறான் என்று சானலில் தூக்கிவிட்டார்கள். தெருவில் சில பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், அவர்களே என் கூடத் தண்ணீர் தூக்கியவர்கள்தான், இருந்தாலும் டிவியில் வந்துவிட்டதல்லவா. இரண்டு மாதத்தில் சீரியல் முடிந்தது, வாத்தியார் வந்து திதியை நடத்திவைத்தார்.

நான் சொல்ல வந்தது கேமரா நின்ற அந்த நிமிடம். ஹால் முழுக்கக் காலிக் குடங்கள், ஈரம், நாற்பது ஐம்பது பேர். நான் வெறுங்கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு இன்னும் போதவில்லையோ, போதும் என்று சொல்லவில்லையே, கடைசி டம்ளர் அப்படியே இருக்கிறதே, இதையும் முழுதாகச் செய்யவிடவில்லையே என்று எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. அம்மா டம்ளரோடு என் எதிரில் வந்து நின்றாள்.

“நீ குடி” என்றாள். “அன்னைக்கு என்னைப் பாத்துட்டுப் பாதியில மூடி வெச்சிட்ட.”

அது லைட் சூட்டில் வெந்நீராகியிருந்தது, பிளாஸ்டிக் வாடை வேறு அடித்தது. அத்தனை பேர் பார்க்க, கோபத்தோடேயே வாங்கி, முழுவதையும் குடித்தேன்.